கத்தும் கிடாரும் தார் சுற்றும் கையும்

ரிப்பேர் கடைக்கு வரும் சாமான்களில் மிக்ஸியைப் போல நல்ல பிள்ளை கிடையாது. ஓடினால் சரி, ஓடாவிட்டால் சரியில்லை. சத்தம் போடுகிற சாமான் அப்படி இல்லை. அது ஓடிக்கொண்டேதான் கடைக்கு வரும். “நல்லாத்தான் ஓடுது, ஆனா கேக்க புடிக்கல” என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு நோய்க்கு, அடுத்தவர் காதை நம்பி வைத்தியம் பார்க்கவேண்டும். ஆம்ப்ளிஃபயர், மைக், ஸ்பீக்கர் என்று சத்தத்தோடு மல்லுக்கட்டிச் சோறு தின்னும் என் சகோதரர்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் எங்கள்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டுவிட்டு மேலே படிக்கலாம்.

என் கடை பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு வருவதற்கு இரண்டே காரணம்: சாமி, புடவை. கிடார் ரிப்பேருக்கு என்று யாரும் பஸ் ஏறி வந்ததில்லை. வரவேண்டும் என்பது என் ஆசை. கல்யாணக் கச்சேரிக் குழுக்கள், சர்ச்சுகள், கல்லூரிப் பசங்கள் என்று வந்த கிடார்களைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட வேலை இது. அதில் எனக்குக் கர்வம் உண்டு, ஒளிக்க மாட்டேன். அந்தக் கர்வத்தை ஒரே ஒரு கிடார் வந்து உலுக்கி எடுத்தது. அந்தக் கதைதான் இது.

தகரத்தில் ஆணி

சாமுவேலுக்கு முசரவாக்கம். முப்பது வயது. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச் பாடகர் குழுவில் கிடார். பல நாள் ஆசைப்பட்டு ஒரு எலக்ட்ரிக் கிடார் வாங்கியிருந்தார். வெள்ளை உடம்பும் கறுப்புத் தகடுமாக, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. வாயைத் திறந்தால்தான் வம்பு. கடையில் சொருகி வாசித்துக் காட்டினார். மெல்லிய தந்திகளைத் தொட்டதும் எனக்கே பல் கூசியது. எதிர்க்கடை டைலர் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டிப் பார்த்தார்.

சர்ச்சில் நிலைமை இன்னும் மோசம். கிடார், கீபோர்டு, பாடுகிறவர்களின் மைக் எல்லாம் ஒரே பழைய ஆம்ப்ளிஃபயரில் போகின்றன. கீச்சுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிளுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே திருகு. கிடாருக்காக அதைக் குறைத்தால், பாடுகிறவர்களின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். பாடகர் குழுவை நடத்துகிறவர் எஸ்தர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஸ்பீக்கருக்கு நேர் கீழே நிற்பவரும் அவர்தான். என்னதான் நடந்தது என்று கேட்டேன். சாமுவேல் என் முகத்தைப் பார்க்காமல், கிடாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பாட்டை பாதியில நிறுத்திட்டாங்க பாய். ‘சாமுவேலு, தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்குதுப்பா’ன்னு மைக்கிலயே சொல்லிட்டாங்க. சர்ச்சே திரும்பி என்னைப் பாத்துச்சு.”

கம்பளி

கிடார் தந்திகளுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுதான் பிக்கப். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும், அதுதான் ஸ்பீக்கரில் பாட்டாக வருகிறது. சாமுவேலின் கிடாரில் மூன்று பிக்கப். கழுத்துப் பக்கம் இருப்பது சாது, ஆனால் அதில் வாசித்தால் கீபோர்டு அதை விழுங்கிவிடுகிறது. தந்திகள் போய் முடிகிற இடத்தில் இருப்பது வாயாடி. கூட்டத்திலும் தனியாகக் கேட்பது அந்த வாயாடிதான் என்பதால், சாமுவேலுக்கு வேண்டியதும் அதுதான்.

அதற்குக் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் டோன் திருகே இணைக்காமல் அனுப்பியிருந்தார்கள். இணைத்தேன். பிக்கப்பைத் தந்தியைவிட்டுக் கொஞ்சம் கீழே இறக்கினேன். வால்யூம் கண்ட்ரோலைக் கழற்றிவிட்டு, அதில் பாதி மின்தடை உள்ளதைப் போட்டேன். அதிலேயே கூச்சம் ஓரளவு வடியும். அத்தோடு நின்றிருக்கலாம். கை சும்மா இருக்காமல், கூர்மையை வடிகட்டும் கண்டென்சரையும் பெரிதாகப் போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டுச் சாமுவேலிடம் கொடுத்தபோது, நானே மார்தட்டிக்கொள்ளாத குறைதான். அவர் திருகைத் திறந்து வாசித்தார், அதே ஆணி கொஞ்சம் மழுங்கியிருந்தது. மூடி வாசித்தார், ஒன்றுமே புரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமே இல்லை. மனிதர் நல்லவர், பொறுமையாகத்தான் சொன்னார்: “முன்னாடி சும்மா கத்திக்கினு இருந்துச்சு பாய். இப்போ கம்பளி போத்திக்கினு கத்துது.”

பழைய காலத்துச் சத்தம்

அடுத்த வாரம் சாமுவேல் என்னிடம் சொல்லாமல் சென்னைக்குப் போய்விட்டார். வாடிக்கையாளர் நம்மைத் தாண்டிப் போனது தெரிந்தால் எப்படி இருக்கும் என்று, கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியும். சம்பந்தி வீட்டு விருந்தில் நம் இலைக்கு மட்டும் பாயசம் வராத மாதிரி. அங்கே ஒரு கடையில் புதுப் பிக்கப் வாங்கி, மாட்டுவதற்கு மட்டும் என்னிடம் வந்தார். ‘பழைய காலத்துச் சத்தம்’ என்று பெட்டியில் போட்டிருந்ததாம். பழையது என்றால் இனிமையாக இருக்கும் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். இவருடைய பழைய பிக்கப்பைவிட இதில் மின்தடை குறைவாகக் காட்டியது. அதாவது கம்பியின் சுற்றுகள் குறைவு. சுற்று குறைந்தால் சத்தம் தெளிவாகும், கூடவே கூர்மையும் ஏறும். இவருக்கு வேண்டியதற்கு நேர் எதிர். சொன்னேன். “மாட்டுங்க பாய், பாக்கலாம்” என்றார். மாட்டினேன். இந்த முறை டைலர் மெஷினை நிறுத்தவில்லை, ஷட்டரையே பாதி இறக்கிவிட்டார். சாமுவேல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. கோபம் வந்தது, அந்தச் சென்னைக் கடைக்காரர் சொல்லி அனுப்பிய வார்த்தையை அவர் சொன்னபோதுதான்: “‘காஞ்சிபுரத்துல புடவை வாங்குங்க சார், கிடாரை மட்டும் அங்க யார் கையிலயும் குடுக்காதீங்க’ன்னு சொன்னாரு பாய்.”

கெடு

மறுநாள் எஸ்தர் டீச்சரே கடைக்கு வந்தார். கையில் சண்டைக்கான ஆயுதம் எதுவும் இல்லை, ஒரு மைக் ஒயர்தான் இருந்தது. அதன் முனையில் ஈயப் பற்று விட்டிருந்தது, பற்றவைத்துக் கொடுத்தேன். புறப்படாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். தனக்குக் கிடார் பிடிக்காது என்று சாமுவேல் நினைப்பது தப்பு என்றார். அந்தச் சத்தம் வரும்போது தன் சுருதியே தனக்குக் கேட்பதில்லை, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வயதானவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போய்விட்டார்கள் என்றார். நான் சாமுவேலுக்காகப் பரிந்து பேசலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவர் சொன்னது அத்தனையும் நியாயம். எழுந்து நின்று ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “அறுப்பின் பண்டிகை வரைக்கும் பாக்கறேன் பாய். அன்னிக்கும் காதைக் குத்துச்சுன்னா, கீபோர்டு மட்டும் போதும்னு கமிட்டியில சொல்லிடுவேன். அப்புறம் அந்தப் புள்ள மூஞ்சிய பாக்கறது எனக்குத்தான் கஷ்டம்.”

கழுத்தைப் பிடிக்கிற கை

விளைச்சலைச் சர்ச்சில் கொண்டுவந்து படைக்கும் அந்தப் பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது. கடையில் கிடைக்கிற பிக்கப் வேண்டாம், நானே சுற்றுகிறேன் என்று சாமுவேலிடம் சொல்லிவிட்டேன். கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரியும்: சுற்றுகளைக் கூட்டினால் கூர்மை பின்வாங்கி, நடுக்குரல் முன்னால் வரும். கத்துகிறவன் பேசுவான். பழைய பிக்கப்பின் பிளாஸ்டிக் கூடு, அதற்கு இதமான வேறு காந்தம், ஒரு உருளை கம்பி எல்லாம் தயார். ஃபேன் மோட்டாருக்கு எத்தனையோ கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றிய கை இது. ஆனால் ஃபேன் கம்பி கயிறு என்றால், இது ஒட்டடை. முதல் நாள் ஏழு முறை அறுந்தது. இரண்டாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எங்கள் கடைக்குப் பின்சந்தில் சரோஜா அக்கா இருக்கிறார். தறியில் குறுக்கே ஓடும் பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுப்பதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். அதுதான் அவர் வேலை. அவருடைய டேபிள் ஃபேனைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், பேச்சுவாக்கில் என் கஷ்டத்தைச் சொன்னேன். கம்பியைக் கொண்டுவரச் சொன்னார். விரலால் நீவிப் பார்த்தார். “பட்டைவிட முறுக்கா இருக்குது, ஆனா அதே சாதிதான்” என்றார். காயில் சுற்ற நான் கொண்டுபோன மோட்டார் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய ராட்டையின் ஊசியிலேயே பிளாஸ்டிக் கூட்டை ஒட்டிக் கொடுத்தேன். ஊசியின் மறுமுனையில் ஒரு காந்தத்துண்டு வைத்து, பழைய கால்குலேட்டர் ஒன்றைச் சுற்றுக்கு ஒன்று எண்ணும்படி செய்தேன். இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவே கம்பி ஓட, சக்கரம் சுழன்றது. ஆயிரம் தாண்டியது, ஈராயிரம் தாண்டியது, அறுபடவில்லை. நான் வாய் பிளந்து நின்றேன். நான் எப்படிச் சுற்றினேன் என்று அக்கா காட்டச் சொன்னார். காட்டினேன். சிரித்துவிட்டார்: “நூலைப் புடிச்சா அது மூச்சு விடணும் பாய். நீ கழுத்தையில்ல புடிக்கிற!”

சாம்பல்

மீதிச் சுற்றை அக்காவிடமே விட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன். பாதி உருளை தீர்ந்தபோது காயில் முடிந்தது. ஒன்பதாயிரம் சுற்று, வழவழவென்று, பார்க்க நகை மாதிரி இருந்தது. சாமுவேலுக்குப் போன் செய்து, “வாப்பா, மாட்டிடலாம்” என்று சொல்லிவிட்டு மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. முனைகளை மறுபடி பற்றவைத்தேன். அசையவில்லை. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று பாட்டரி மாற்றினேன். பக்கத்து எலக்ட்ரிக் கடையிலிருந்து இன்னொரு மீட்டர் வாங்கி வந்தேன். அதுவும் செத்தது செத்ததுதான் என்றது. காயிலுக்குள் எங்கோ கம்பி தொடர்பு விட்டிருக்கிறது. காயிலோடு பின்சந்துக்கு ஓடி, அக்காவிடம், “நடுவுல அறுந்துச்சா?” என்று கேட்டேன். “அறுந்தா விட்டுடுவேனா?” என்றார். அந்தப் பதிலிலேயே நான் விழித்துக்கொண்டிருக்கவேண்டும்.

அப்போதுதான் ராட்டைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியும் அதில் சாம்பலும் இருந்ததைப் பார்த்தேன். எங்கள் ஊரில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடமாட்டார்கள். விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு திருகு. அவ்வளவுதான், ஒட்டு போட்ட இடம் கண்ணுக்கே தெரியாது. புடவைக்கு அது போதும். செம்புக் கம்பியின்மேல் எனாமல் பூச்சு இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துப் பற்றவைக்காவிட்டால், எத்தனை திருகு திருகினாலும் மின்சாரம் தாண்டாது. இதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தை மறைக்க முடியவில்லை. எத்தனை இடத்தில் அறுந்தது என்று குரலை உயர்த்திவிட்டேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. காயிலை எடுத்து என் கையில் வைத்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்: “மூணு இடத்துல அறுந்துச்சு, மூணையும் பிணைச்சேன். எங்க எங்கன்னு நீ கண்டுபுடி பாக்கலாம்!”

மெழுகு

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு விஷயத்தைச் சொன்னதும் அக்கா முகம் வாடிவிட்டது. சாமுவேலின் கெடுவைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன். உடனே அக்கா காயிலைப் பிரித்துப் போட்டு, மீதி உருளையை எடுத்தார். மீதியில் ஒரு காயிலுக்குத்தான் கம்பி இருந்தது. இந்த முறை ஆறாயிரத்தில் ஒரே ஒரு தடவை அறுந்தது. சக்கரத்தை நிறுத்தி, முனையை விரலில் பிடித்துக்கொண்டு, பின்சந்திலிருந்து “பாய்!” என்று கூப்பிட்ட கூப்பாடு என் கடைவரைக்கும் கேட்டது. ஓடினேன். அவர் இரண்டு முனைகளையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் பூச்சைச் சுரண்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டு ஈயம் வைத்து, மேலே வார்னிஷ் தொட்டேன். என் ஆயுசிலேயே சின்னப் பற்றவைப்பு அது.

மீட்டரில் முள் எழுந்து நின்றது. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. காயிலை இளஞ்சூட்டில் உருகிய மெழுகில் முக்கி எடுத்தால்தான் கம்பிகள் ஆடாது. ஆடினால் ஸ்பீக்கரில் ‘கீ’ என்று விசிலடிக்கும், டீச்சர் அப்புறம் கமிட்டிக்குக்கூடப் போகமாட்டார், நேராக என் கடைக்கே வந்துவிடுவார். மெழுகு கொண்டுவா என்றேன், சாமுவேல் சர்ச்சிலிருந்து எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு டப்பா நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். காயில் மெழுகில் முங்கி, சின்னச் சின்னக் குமிழி விட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “இத்தினி பேரு பாடுபட்டிருக்கோம், பாடலைன்னா அதுக்கு வெக்கமே இல்லைன்னு அர்த்தம்.”

பண்டிகை

கடையில் வாசித்தபோது நன்றாகத்தான் இருந்தது. தந்தியின் சத்தம் உருண்டையாக வந்தது, கத்தவில்லை, அமுங்கவும் இல்லை. டைலர் தைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் கடை வேறு, சர்ச் வேறு. அறுப்பின் பண்டிகை அன்று காலையில் நான் கடையைத் திறக்கவில்லை. சாமுவேல் கூப்பிட்டிருந்தார்; சரோஜா அக்காவும், “நான் சுத்துனது எங்க பாடுதுன்னு நான் பாக்கணும்” என்று சின்ன காஞ்சிபுரத்து மகள் வீட்டுக்குப் போகிறதைத் தள்ளிவைத்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்னால் பூசணி, வாழைத்தார், கரும்பு, நெல்மூட்டை, காலைக் கட்டிய ஒரு சேவல் என்று விளைச்சல் குவிந்திருந்தது. சாமுவேல் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கும் அப்படித்தான். ஆறாயிரத்தில் நான் வைத்த அந்த ஒரு சொட்டு ஈயம் விட்டுவிட்டால் எல்லாம் போச்சு. வேறு கம்பியும் கிடையாது, வேறு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

முதல் பாட்டு ஆரம்பித்தது. சாமுவேல் அடக்கித்தான் வாசித்தார், பயம். டீச்சர் ஒரு தடவை ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். என் கை தானாகவே அக்காவின் முழங்கையைப் பிடித்துவிட்டது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டீச்சர் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது. சர்ச்சே சாமுவேலைத் திரும்பிப் பார்த்தது. அவர் வால்யூம் திருகில் கைவைத்துக் குறைக்கப் போனார். எங்களுக்கு முந்தின வரிசையில் யாரோ எழுந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மைக்கில் டீச்சரின் குரல் வந்தது: “சாமுவேலு, கிடாரைக் கொஞ்சம் ஏத்திக் குடுப்பா. நல்லா இருக்குது, பத்தமாட்டேங்குது.”

ஒட்டு

கண்ணைத் திறந்தபோது எழுந்தவர் ஒரு பெரியவர், முன்வரிசைக்கே திரும்பிப் போய் இடம் தேடி உட்கார்ந்துகொண்டிருந்தார். சாமுவேல் திருகை ஏற்றினார். அதற்குப் பிறகு அவர் வாசித்ததை நான் எழுதினால் எனக்குத் தற்பெருமை என்பீர்கள், எழுதத்தான் போகிறேன்: அந்தச் சர்ச்சில் அதுவரை கேட்காத சத்தம் அது. கீபோர்டின் மேலே ஏறி உட்காரவில்லை, கீழேயும் போகவில்லை, டீச்சரின் குரலுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தது. சேவல்கூட ஒரு சத்தம் போடவில்லை. இத்தனை வருஷம் ரிப்பேர் செய்து கொடுத்த எதையும், நான் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

வெளியே வந்ததும் சாமுவேல் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எஸ்தர் டீச்சர் இறங்கி வந்து, நாங்கள் சுற்றியது தெரியாமல், இதைச் சென்னையில் எந்தக் கடையில் செய்தார்கள் என்று கேட்டார். நான் மார்பை நிமிர்த்திப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சரோஜா அக்கா முந்திக்கொண்டார்: “சென்னையா? இது என் ராட்டையில சுத்துனதும்மா. உள்ள ஒரு ஒட்டு இருக்குது, எங்க இருக்குதுன்னு இந்த பாயைத் தவிர எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது!”

தொழில் ரகசியம் என்று நாம் ஆளுக்கு ஆள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வது எல்லாம், தேடிப் பார்த்தால், எங்கேயோ அறுந்து வெளியில் தெரியாமல் ஒட்டுப் போட்ட இடம்தான்.